கண் ஷார்ப்பாக விழ எந்த வழி? வெளியில் எடுக்கும் போர்ட்ரெய்ட்டுக்கு நான்கு ஃபோகஸ் முறைகள்

"லென்ஸை மாத்தணுமா, பாடியை மாத்தணுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரு கப்பன் பார்க் மூங்கில் புதர்ப் பக்கம் கேமராவோடு நிற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். கையில் பெரும்பாலும் கேனான் 1500டியோ நிக்கான் டி3500ஓ இருக்கும், இரண்டும் உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் வகை. அதில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் (எஃப் எண் சிறியதாக ஆக லென்ஸின் திறப்பு, அதாவது அப்பர்ச்சர், பெரிதாகும்; ஷார்ப்பாக விழும் ஆழம் குறையும்). கேமராவின் சின்னத் திரையில் படம் அருமையாகத் தெரிகிறது. வீட்டுக்குப் போய் லேப்டாப்பில் பெரிதாக்கினால் காது ஷார்ப், சட்டைக் காலர் ஷார்ப், கண் மட்டும் மங்கல். நாற்பது படம் எடுத்ததில் ஐந்தாறுதான் தேறும். அப்போதுதான் புது கேமரா வாங்கும் எண்ணம் வருகிறது.

அல்சூர், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பக்கம் குடும்பங்களையும் குழந்தைகளையும் கல்யாணத்துக்கு முந்தைய ஜோடிகளையும் பல வருடங்களாக எடுத்து வருகிறேன். நான்கு முறைகளிலும் எடுத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கான பதிலைக் கேமராவிலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் முடிவு. நீங்கள் எடுக்கிற ஆள் எவ்வளவு அசைகிறார், எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார், இந்த இரண்டிலிருந்து தொடங்கினால் கடைக்குப் போவதற்கு முன்பே பாதி பதில் கிடைத்துவிடும்.

## முதலில், எந்த வகை மங்கல்?

படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கண்ணை மட்டும் பார்க்காமல் படம் முழுக்கத் தேடுங்கள். எங்கேயாவது ஓர் இடம் ஷார்ப்பாக இருக்கிறதா? காது, காலர், முன்னால் நீட்டிய கை, பின்னால் ஒரு இலை? இருந்தால் ஃபோகஸ் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் குறைக்குத்தான்.

படம் முழுவதும் ஒரே பக்கமாக இழுபட்டு, புள்ளியெல்லாம் சின்னச் சின்னக் கோடாகத் தெரிந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. ஆள் நிற்கிற இடத்துப் புல்லும் கல்லும் ஷார்ப்பாக இருந்து முகம் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். இந்த இரண்டையும் எந்த ஃபோகஸ் முறையும் தீர்க்காது, ஷட்டர் ஸ்பீட்தான் தீர்க்கும். 1500டி மாதிரி சிறிய சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/80 விநாடி குறைந்தபட்சம். பேசிக்கொண்டே நிற்கும் பெரியவருக்கு 1/250, குழந்தைக்கு 1/500 வையுங்கள். நம் ஊர்த் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில், மாலை ஐந்தரைக்கு மேல், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் பல படங்கள் 1/60இல் போய் விழுகின்றன. ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றுங்கள். கொஞ்சம் நொய்ஸ் (புள்ளிப் புள்ளியான கரகரப்பு) வந்தால் பிறகு குறைத்துக்கொள்ளலாம். இழுபட்ட கண்ணை நேராக்க வழியில்லை. லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் தாங்கும், எதிரில் நிற்பவரின் அசைவை நிறுத்தாது.

படம் முழுக்கவே மெல்லிய திரை போட்டது போல வெளுத்திருந்தால் லென்ஸின் முன்கண்ணாடியைப் பாருங்கள். விரல் ரேகை, மலிவான ஃபில்டர், எதிர்வெயில், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

## உங்களிடம் எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது?

ஃபோகஸ் என்பது ஒரு தளம். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்ச தூரம் வரை கண்ணுக்கு ஷார்ப்பாகத் தெரியும். அந்தக் கொஞ்ச தூரம் எவ்வளவு என்று பலர் ஒருமுறைகூடக் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. வழக்கமான சூத்திரப்படி சுமாராக இவ்வளவு (ஏபிஎஸ்-சி என்பது 1500டி, டி3500 மாதிரி கேமராக்களின் சிறிய சென்சார், ஃபுல் ஃபிரேம் அதைவிடப் பெரியது):

| லென்ஸ், சென்சார் | தூரம் | எஃப்/1.8 | எஃப்/2.8 | எஃப்/4 |
|---|---|---|---|---|
| 50 மி.மீ., ஏபிஎஸ்-சி | 1.5 மீ. | 6 செ.மீ. | 10 செ.மீ. | 14 செ.மீ. |
| 50 மி.மீ., ஏபிஎஸ்-சி | 2 மீ. | 11 செ.மீ. | 17 செ.மீ. | 25 செ.மீ. |
| 85 மி.மீ., ஃபுல் ஃபிரேம் | 1.5 மீ. | 3 செ.மீ. | 5 செ.மீ. | 7 செ.மீ. |
| 85 மி.மீ., ஃபுல் ஃபிரேம் | 2 மீ. | 6 செ.மீ. | 9 செ.மீ. | 13 செ.மீ. |

இது முன்னும் பின்னும் சேர்ந்த மொத்தம். அதில் பாதிதான் ஒரு பக்கத்துக்கு.

இந்த எண்கள் எனக்கு மனதில் பதிந்தது ஒரு பாட்டியால். அவருடைய சதாபிஷேக அழைப்பிதழில் போட ஒரு படம் வேண்டும் என்று பேத்தி கேட்டிருந்தாள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சில் உட்காரவைத்தேன். மாலை வெயில் சாய்ந்து கன்னத்தில் விழுந்தது. 85 மி.மீ., எஃப்/1.8, ஒன்றரை மீட்டர். ஆறு படம் எடுத்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் ஆறிலும் அவருடைய எட்டுக்கல் பேசரியை ஒவ்வொரு கல்லாக எண்ணலாம். கண்ணிமை முடிகள் பஞ்சு போல இருந்தன. மூக்கின் பக்கம் கண்ணைவிட இரண்டு மூன்று செ.மீ. முன்னால் இருக்கிறது. என்னிடம் மொத்தமே மூன்று செ.மீ.தான் இருந்தது. மின்னுகிற கல்லை விட்டுவிட்டுச் சுருங்கிய இமையைத் தேடிப் பிடிக்கக் கேமராவுக்கு ஒரு காரணமும் இல்லை. மறுநாள் அதே நேரத்துக்குப் போய் எஃப்/4இல், புருவத்தின் வெளிமுனையில் ஃபோகஸ் புள்ளியை வைத்து எடுத்தேன். பேசரியும் கிடைத்தது, கண்ணும் கிடைத்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெரியவர்களுக்கு இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே ஆறு செ.மீ. சொச்சம் இடைவெளி. முகத்தை 45 பாகை திருப்பினால் தூரத்துக் கண் நான்கரை செ.மீ. பின்னால் போய்விடும். அப்போது எவ்வளவு விலையுயர்ந்த கேமராவானாலும் 85 மி.மீ. எஃப்/1.8இல் பக்கத்திலிருந்து இரண்டு கண்ணையும் பிடிக்க முடியாது. பின்னணி கரைய வேண்டும் என்பதற்காகத்தானே எஃப்/1.8இல் நிற்கிறோம்? ஆளை மூங்கில் புதரோடு ஒட்டி நிற்கவைக்காமல், புதரிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் கூட்டி வாருங்கள். எஃப்/2.8இலும் எஃப்/4இலும் பின்னணி போதுமான அளவு கரையும். பெரிய பூங்காக்கள் இருக்கிற ஊரில் இடத்துக்கா பஞ்சம்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். ஒன்று, ஒரே ஆளைப் பல முறை எடுத்தால் எத்தனையில் கண் தேறுகிறது. இரண்டு, ஆள் அசைந்தால் தாங்குகிறதா. மூன்று, உச்சி வெயிலிலும் மர நிழலிலும் வேலை செய்கிறதா. நான்கு, மறைமுகச் செலவு: அடாப்டர் (வேறு வகை லென்ஸைப் பாடியில் மாட்ட உதவும் இணைப்பு வளையம்), பேட்டரி, கற்றுக்கொள்ளும் நாட்கள், உட்கார்ந்து படம் பொறுக்கும் நேரம்.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியம். படம் எடுக்கும்போது உங்கள் மனம் ஆளிடம் இருக்கிறதா, பட்டனிடம் இருக்கிறதா? எதிரில் நிற்பவரோடு பேச்சு அறுந்தால் முகம் இறுகிவிடும். இறுகிய முகத்தில் கண் எவ்வளவு ஷார்ப்பாக இருந்தாலும் அந்தப் படத்தை யாரும் சுவரில் மாட்டுவதில்லை.

## வழி 1: நடுப்புள்ளியில் பிடித்து, ஃபிரேமைத் திருப்புவது

நம்மில் பெரும்பாலோர் முதலில் கற்றது இதைத்தான். வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளையில்) தெரிகிற ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து, ஷட்டரைப் பாதி அழுத்தி ஃபோகஸைப் பூட்டி, அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி, படத்தைச் சரி செய்து எடுப்பது. கேனானில் ஒன் ஷாட், நிக்கானில் ஏஎஃப்-எஸ் வைத்திருக்க வேண்டும்.

கேமராவைத் திருப்பும்போது ஃபோகஸ் தளமும் கூடவே திரும்பி, கண்ணுக்குப் பின்னால் போய்விடும். அது எவ்வளவு? 50 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மீட்டரிலிருந்து நிமிர்த்திய ஃபிரேமில் இடுப்புவரை எடுக்கிறீர்கள், கண் ஃபிரேமின் மேல்பக்கம் வர வேண்டும் என்றால் எட்டு பாகை அளவு திருப்ப வேண்டியிருக்கும். தளம் சுமார் ஒன்றரை செ.மீ. பின்னால் போகும். எஃப்/1.8இல் ஒரு பக்கத்துக்கு இருப்பதே மூன்று செ.மீ. பாதி கைவிட்டுப் போயிற்று. மீதிப் பாதியை உங்கள் மூச்சும் அவருடைய மூச்சும் தின்றுவிடும். உண்மையில் கோணக் கணக்கைவிட இந்த ஆட்டம்தான் பெரிய எதிரி. பூட்டியதற்கும் அழுத்தியதற்கும் நடுவே ஒரு விநாடி போனால் போதும், ஆள் சிரித்துக்கொண்டே முன்னால் சாய்ந்திருப்பார். பூட்டிய ஃபோகஸுக்கு அது தெரியாது.

அப்படியானால் இது வேண்டாத முறையா? இல்லை. விலை குறைந்த டிஎஸ்எல்ஆர்களில் நடுப்புள்ளிதான் திறமையான புள்ளி. 1500டியின் ஒன்பது புள்ளிகளில் நடுவில் உள்ள ஒன்று மட்டுமே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் பார்க்கும் கிராஸ் வகை. டி3500இன் பதினொன்றிலும் அப்படித்தான். மழை மேகம் கவிந்த ஜூலை மாலையில் ஓரப்புள்ளிகள் முன்னும் பின்னும் தேடித் தவிக்கும்போது நடுப்புள்ளி பிடித்துவிடும். நான்கு மீட்டர் தள்ளி நின்று முழு உருவம் எடுக்கும்போது இந்தப் பிழை பொருட்டே இல்லை. சிவாஜி நகர் மார்க்கெட்டில் ஒரு பூக்காரம்மா "சரி, எடுத்துக்கோப்பா" என்று நிமிர்ந்து பார்க்கிற அந்த இரண்டு விநாடியில் இதைவிட வேகமான முறை டிஎஸ்எல்ஆரில் கிடையாது.

மறைமுகச் செலவு படம் பொறுக்கும் நேரம். ஒவ்வொரு பாவனையையும் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பூட்டி எடுக்க வேண்டும். எஃப்/2.8க்குக் கீழே இந்த முறையில் எடுக்காதீர்கள்.

## வழி 2: புள்ளியைக் கண்ணுக்கே நகர்த்துவது

ஃபிரேமை முதலில் தீர்மானித்துக்கொண்டு, கண் வரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற புள்ளியைத் தேர்ந்தெடுப்பது. கேமராவைத் திருப்பும் தேவை ஏறக்குறைய இல்லாமல் போகும். இதோடு தொடர் ஃபோகஸையும் (கேனானில் ஏஐ சர்வோ, நிக்கானில் ஏஎஃப்-சி) சேர்த்துக்கொண்டால் ஆள் முன்னால் சாய்ந்தாலும் கேமரா கூடவே வரும்.

அப்புறம் ஃபோகஸைப் பின்பட்டனுக்கு மாற்றிப் பாருங்கள். 1500டியில் நட்சத்திரக் குறி போட்ட பட்டன், டி3500இல் ஏஇ-எல்/ஏஎஃப்-எல் பட்டன். கட்டைவிரல் ஃபோகஸுக்கு, ஆள்காட்டி விரல் ஷட்டருக்கு. முதல் வாரம் கை மறந்து மறந்து போகும். மூன்றாவது வாரத்தில் பழைய முறைக்குத் திரும்ப மனம் வராது. கட்டைவிரலை அழுத்திக்கொண்டே இருந்தால் தொடர் ஃபோகஸ், எடுத்துவிட்டால் பூட்டு. மெனுவுக்குள் போய் மாற்ற வேண்டிய வேலை இல்லை.

குறைகளையும் சொல்கிறேன். ஓரப்புள்ளிகள் ஒரு திசைக் கோடுகளை மட்டுமே பார்க்கும், அதனால் நிழலில் தடுமாறும். வியூஃபைண்டரில் தெரிகிற சின்னச் சதுரத்தைவிட உண்மையான புள்ளி பெரியது. அந்த இடத்துக்குள் இமை, புருவம், கண்ணாடிச் சட்டம், மூக்குத்தி எல்லாமே அடங்கிவிடும். எது பளிச்சென்று இருக்கிறதோ அதைப் பிடிக்கும். கண்ணாடி போட்டவர்களுக்குச் சட்டத்தின் மேல்விளிம்பைத் தவிர்த்து, கண்ணின் வெளிமூலையைக் குறிவைப்பது என் பழக்கம். புள்ளியை நகர்த்தும் நேரத்தில் பேச்சு அறுவதும் உண்மை. ஆனால் ஒரு மணி நேரப் படப்பிடிப்பில் நிமிர்ந்த ஃபிரேம், படுத்த ஃபிரேம் என்று இரண்டு புள்ளிகள்தான் திரும்பத் திரும்பத் தேவைப்படும். அவற்றை விரல் மனப்பாடம் செய்துகொள்ளும்.

டிஎஸ்எல்ஆருக்கே உரிய ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது. வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது ஃபோகஸைப் பார்ப்பது படம் பதிகிற சென்சார் அல்ல, கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடிக்குக் கீழே உள்ள தனிச் சென்சார். இரண்டுக்கும் அளவு ஒத்துப்போகவில்லை என்றால் எவ்வளவு ஒழுங்காகப் புள்ளியை வைத்தாலும் ஃபோகஸ் எப்போதும் ஒரே பக்கம் தள்ளி விழும். இது தெரியாமல் ஆறு மாதம் என் கையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடிக்க ஐந்து தீப்பெட்டி போதும். மொட்டைமாடிச் சுவர்மேல் ஐந்தையும் சாய்வாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, இரண்டு இரண்டு செ.மீ. இடைவெளியில் படம் தெரிய நிறுத்துங்கள். ஒன்றரை மீட்டரில் கேமராவை ட்ரைபாடிலோ, புத்தக அடுக்கின் மேலோ அசையாமல் வைத்து, எஃப்/1.8இல், நடுப்பெட்டியைக் குறிவைத்து வியூஃபைண்டர் வழியாகப் பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடியுங்கள். அடுத்து லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து, பத்து. இரண்டிலும் நடுப்பெட்டியே ஷார்ப் என்றால் கேமராவில் பிழையில்லை. லைவ் வியூவில் நடுப்பெட்டி, வியூஃபைண்டரில் மட்டும் எப்போதும் நான்காவது பெட்டி என்றால் பாடிக்கும் லென்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை. விலை உயர்ந்த டிஎஸ்எல்ஆர்களில் இதை மெனுவிலேயே திருத்தலாம். 1500டி, டி3500 ஆகியவற்றில் அந்த வசதி இல்லை. இரண்டையும் சேர்த்து சர்வீஸுக்குக் கொடுத்துச் சரி செய்ய வேண்டும்.

காசு செலவில்லாத மாற்றுவழியும் இதிலேயே இருக்கிறது. ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் லைவ் வியூவில், கண்ணைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். படம் பதிகிற சென்சாரே பார்ப்பதால் அளவுப் பிழைக்கு இடமில்லை. மெதுவானது, ஆனால் தாத்தா பாட்டிகளுக்கு அந்த வேகம் போதும்.

நிக்கான்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டி3500, டி5600 பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 50 மி.மீ. எஃப்/1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கும். ஏஎஃப்-எஸ் ஜி வகை லென்ஸ் என்று கேட்டு வாங்குங்கள் (இங்கே ஏஎஃப்-எஸ் என்பது லென்ஸின் பெயர், மேலே சொன்ன ஃபோகஸ் அமைப்பு அல்ல).

## வழி 3: கண்ணைத் தானே தேடும் மிரர்லெஸ்

1992இல் வந்த கேனான் இஓஎஸ் 5 ஃபிலிம் கேமரா, படமெடுப்பவரின் கண் வியூஃபைண்டருக்குள் எங்கே பார்க்கிறது என்று கவனித்துப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தது. இன்றைய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா எதிரில் இருப்பவரின் கண்ணைத் தேடுகிறது. 2019இல் சோனி ஏ6400 மாதிரி கேமராக்கள் வந்த பிறகு, ஷட்டரைப் பாதி அழுத்தினாலே கண்ணைப் பிடித்துத் தொடர்ந்து வருவது நடுத்தர விலைக்கு இறங்கியது. கேனான் ஆர்50, நிக்கான் இசட்50 எல்லாவற்றிலும் இப்போது இது உண்டு.

அசையும் ஆளுக்கு இதற்கு ஈடே இல்லை, மனதாரச் சொல்கிறேன். லால்பாக்கில் முந்நூறு கோடி ஆண்டுப் பழைய பாறை இருக்கிறதே, அதன் சரிவில் நான்கு வயதுப் பையன் ஒருவன் என்னை நோக்கி ஓடி ஓடி வந்தான். பழைய கேமராவில் அவன் நின்ற பிறகு எடுத்த படங்கள்தான் தேறியிருக்கும். மிரர்லெஸ்ஸில் அவன் ஓடி வரும்போதே, வாய் திறந்து சிரித்த முகத்தில் கண்ணிமை வரை ஷார்ப். அந்த நேரம் முழுக்க நான் புள்ளியை நினைக்கவே இல்லை. அவனோடு கத்திக்கொண்டிருந்தேன். ஐந்தாவது அளவுகோலில் இந்த முறை மற்ற மூன்றையும் தாண்டி நிற்பது இதனால்தான். படம் பதிகிற சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் தீப்பெட்டிச் சோதனைக்கும் தேவை இருக்காது.

ஆனால் கடையில் சொல்லாத சில விஷயங்கள் இருக்கின்றன.

சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. வீட்டுக்குள் வீடியோ எடுக்க நல்ல கேமராக்கள். பெங்களூரு பதினோரு மணி வெயிலில், திறந்தவெளியில், திரையில் உங்கள் முகம்தான் தெரியும். வெளியில் போர்ட்ரெய்ட் எடுக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வியூஃபைண்டர் உள்ள பாடியாகப் பாருங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது பேட்டரி. டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் என்பது அதன் தர அளவு. சிறிய மிரர்லெஸ்களில் இது சில நூறுகளுக்கு இறங்கிவிடும். இரண்டு கூடுதல் பேட்டரிகளையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பழைய லென்ஸுக்கு அடாப்டர் வேண்டும். கேனானின் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களான இஎஃப் வகை, ஆர் வரிசை மிரர்லெஸ் பாடியில் அடாப்டரோடு நன்றாக ஃபோகஸ் ஆகிறது. நிக்கானின் பழைய டி வகை லென்ஸ்கள் அதன் மிரர்லெஸ்களுக்கான எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் ஆகாது.

கண்ணைத் தேடுவதிலும் தவறு வரும். கப்பன் பார்க்கில் ஞாயிறு கூட்டத்தில் பின்னால் நடந்து போகிறவரின் முகத்துக்கு ஃபோகஸ் கட்டம் தாவிவிடும். மூக்குக்கண்ணாடியில் வானம் பிரதிபலித்தால் சட்டத்தைப் பிடிக்கும். முடி முகத்தில் விழுந்தால் முடியைப் பிடிக்கும். எஃப்/1.4இல் கருவிழியை விட்டு இமைநுனியில் நிற்பதும் உண்டு. பச்சைக் கட்டம் கண்ணில் தெரிகிறது என்று முழுக்க நம்பி, ஆயிரம் படம் எடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் முதல் இரண்டு படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

## வழி 4: கையால் ஃபோகஸ்

இதை விரும்பிச் செய்கிறவர்களுக்கு மட்டும். பழைய ரஷ்ய ஹீலியோஸ் 44-2 மாதிரி 58 மி.மீ. எஃப்/2 லென்ஸ்கள் தரும் பின்னணிச் சுழிப்புக்காக இந்த வழிக்கு வருகிறவர்கள் நிறைய. மிரர்லெஸ்ஸில் சுலபம். வியூஃபைண்டரில் கண்ணைப் பெரிதாக்கி, இமை தெளியும்வரை வளையத்தைத் திருப்பலாம். விளிம்புகளை நிறம்போட்டுக் காட்டும் பீக்கிங்கை மட்டும் நம்பி எஃப்/2இல் எடுக்காதீர்கள். அது காட்டும் பட்டை, உண்மையில் ஷார்ப்பாக இருக்கும் இடத்தைவிட அகலமானது.

டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் கையால் ஃபோகஸ் செய்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை. இன்றைய ஃபோகஸ் திரைகள் எஃப்/2.8 சுமாருக்கு மேல் திறந்த அப்பர்ச்சரின் உண்மையான ஆழத்தைக் காட்டாது. கண்ணுக்கு ஷார்ப்பாகத் தெரியும், படத்தில் இருக்காது. லைவ் வியூவில் பெரிதாக்கிச் செய்தால் சரி. ஹீலியோஸ் மாதிரி திருகி மாட்டும் பழைய எம்42 வகை லென்ஸை நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மாட்டினால், உள்ளே கண்ணாடி வில்லை இல்லாத அடாப்டரில் தூரத்து ஃபோகஸ் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். கேனானில் அந்தத் தொல்லை இல்லை.

அசைவில் இது நான்கிலும் பலவீனமானது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர், கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்த அம்மா, இப்படி நிதானமாக இருக்கிறவர்களை எடுக்கும்போது, வளையத்தைத் திருப்பும் அந்த அரை நிமிடத்தில் அவர்கள் கேமராவை மறந்துவிடுகிறார்கள். அது கிடைத்த படங்கள் என்னிடம் சில இருக்கின்றன.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நடுப்புள்ளி, திருப்புதல் | புள்ளியை நகர்த்துதல் | கண் தேடும் மிரர்லெஸ் | கையால் |
|---|---|---|---|---|
| அசையாத ஆள், பக்கத்தில் | எஃப்/4 என்றால் பரவாயில்லை | நன்று | மிக நன்று | மிரர்லெஸ்ஸில் மிக நன்று |
| ஓடும் குழந்தை | கடினம் | தொடர் ஃபோகஸோடு ஓரளவு | மிக நன்று | வேண்டாம் |
| மங்கிய நிழல் | நன்று | ஓரப்புள்ளி தடுமாறும் | பெரும்பாலும் நன்று | உங்கள் பார்வையைப் பொறுத்தது |
| உச்சி வெயில் | நன்று | நன்று | வியூஃபைண்டர் இருந்தால் மட்டும் நன்று | அதே நிபந்தனை |
| ஆளோடு பேச்சு | அடிக்கடி அறும் | பழகினால் குறையும் | தடையில்லை | அறும், நிதானமானவரோடு சரி |
| மறைமுகச் செலவு | பொறுக்கும் நேரம் | சர்வீஸ், பழக மூன்று வாரம் | பேட்டரி, அடாப்டர், புது லென்ஸ் | பொறுமை, தவறிய தருணங்கள் |

போனைப் பற்றியும் கேட்பார்கள். போன் சென்சார் சிறியது என்பதால் முகம் முழுக்க ஷார்ப்பாக வந்துவிடும், பின்னணி மங்கலைக் கணக்குப் போட்டு ஒட்டுகிறது. ஜிமிக்கி ஓரமும் பறக்கும் முடியும் சேர்ந்து மங்குவது அதனால்தான். சின்ன அளவில் பகிர்வதற்கு அது போதும்.

## யாருக்கு எது?

வீட்டுப் பெரியவர்கள், நண்பர்கள், நின்று கொடுக்கிற ஜோடிகள், இவர்களைத்தான் எடுக்கிறீர்கள், கையில் ஏற்கெனவே டிஎஸ்எல்ஆர் இருக்கிறது என்றால் வழி 2. கேமராவை மாற்றாதீர்கள். எஃப்/2.8, 1/250, பின்பட்டன், தீப்பெட்டிச் சோதனை, இவற்றோடு இரண்டு மாதம் எடுங்கள். இன்னும் கேமராவோடு வந்த கிட் லென்ஸ்தான் இருக்கிறது என்றால் 50 மி.மீ. ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) வாங்குங்கள், ஒரு புதுப் பாடியின் விலையில் அது சிறு பகுதிதான்.

கைக்குழந்தை இருக்கிறது, அது தவழ ஆரம்பித்துவிட்டது என்றால் வழி 3. பிறந்தநாள், நிச்சயதார்த்தம் என்று காசு வாங்கிக்கொண்டு எடுக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றாலும் வழி 3தான். ஒருவருடைய நாள் திரும்ப வராது, அங்கே தவறவிட நமக்கு உரிமையில்லை. கண்ணாடி போட்டும் உங்களுக்கே வியூஃபைண்டர் தெளிவாகத் தெரிவதில்லை என்றாலும் இதையே சொல்வேன், அதற்கு முன் வியூஃபைண்டர் பக்கத்துச் சின்னச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

வழி 1ஐத் தெருவுக்கும் முழு உருவப் படங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வழி 4ஐ யாருக்கும் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன்.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால், பெங்களூரில் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குத் தருகிற கடைகள் நிறைய இருக்கின்றன. ஒரு சனி, ஞாயிறுக்கு வியூஃபைண்டர் உள்ள மிரர்லெஸ் பாடியும் உங்கள் லென்ஸுக்கான அடாப்டரும் எடுங்கள். பூங்காவுக்குப் பெரிய கேமராவோடு போவதென்றால் வாயிலில் அனுமதி விதியைக் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். நீங்கள் வழக்கமாக எடுக்கிற அதே ஆள், அதே லென்ஸ், அதே எஃப்/2.8, அதே மரத்தடி. பழைய கேமராவில் வழி 2இல் ஐம்பது, புதியதில் ஐம்பது. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் 100 சதவீதத்தில் திறந்து, இமை முடி தனித்தனியாகத் தெரிகிறவற்றை மட்டும் எண்ணுங்கள். வித்தியாசம் ஐந்தாறு படம் என்றால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது வையுங்கள். பாதிக்குப் பாதி என்றால் தயங்காமல் மாறிவிடுங்கள்.